நாலாவது ஹா

வேப்பலாங்குறிச்சி தனுஷ்கோடி சார் டுடோரியலில் படித்துக்கொண்டிருந்த இருபத்துமூன்று பேரும் ஒரே உயரத்துக்கு வந்து சேர்ந்தது மாசி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு. அன்றைக்குப் பார்த்து ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டார் புகைந்துபோய், சனமெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஓடிக்கொண்டிருந்ததால், இந்தச் சேதி மத்தியானம் வரைக்கும் யார் காதிலும் ஏறவில்லை.

பூவலிங்கத்துக்கு மட்டும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கால் தரையில் பட்டது. நாற்பத்தொரு வருஷமாக எந்தப் பெஞ்சிலும் எந்த நாற்காலியிலும் எந்தப் பஸ் சீட்டிலும் அந்தரத்தில் ஆடியே பழகின கால், ஊரில் எல்லார் காலும் படுகிற மாதிரி, சும்மா சாதாரணமாகத் தரையில் பட்டு நின்றது. குனிந்து பார்த்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தான். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது, தரை இவ்வளவு குளிர்ச்சியா என்று நினைத்துக்கொண்டான்.

அவன் உண்மையான உயரம் நாலடி ஏழங்குலம். அதை அவன் மறைத்ததும் இல்லை, மறைக்க வழியும் இல்லை. ஊர்ப் பால் சங்கத்தில் உதவியாளாக இருந்தான். கேனைத் தூக்கிவைப்பது, பாலை ஊற்றிக் கழுவுவது, செயலாளர் கூப்பிட்டால் ஓடுவது. அந்தச் செயலாளர் வருகிற ஆனி மாதம் ஓய்வு பெறுகிறார். பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டால் அந்த நாற்காலி பூவலிங்கத்துக்கு, இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்துகொண்டு இவனை அதட்டுவார்கள். எல்லாப் பாடத்திலும் அவன் எப்போதோ பாஸ் பண்ணியாயிற்று, தமிழில்தான் ஆறு தடவையாக முட்டிக்கொண்டு நின்றது. ஆறு தடவையும் முப்பத்துநாலு. ஒரு தடவையாவது இருபது, பதினெட்டு என்று வாங்கித் தொலைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், இது ஒவ்வொரு தடவையும் வாசப்படி வரைக்கும் கூட்டிவந்து கதவைச் சாத்துகிற முப்பத்துநாலு.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பங்குனிப் பொங்கலன்று செங்கமலத்தம்மன் பெரிய சப்பரத்தில் ஊரைச் சுற்றி வருவாள். பதினாறு பேர் தோள் கொடுக்கவேண்டும், எந்தெந்த வீட்டுக்கு எந்தெந்த இடம் என்று பாட்டன் காலத்திலேயே முடிவாகிவிட்டது. முன்தண்டில் இடப்பக்கம் பூவலிங்கம் வீட்டுக்கு. பதினெட்டு வயசில் அப்பா போனபிறகு அவன் முதல் தடவையாக அந்த இடத்தில் போய் நின்றான். சப்பரம் எழும்பியது, தண்டும் எழும்பியது, பூவலிங்கம் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது. தண்டைக் கையால் எட்டிப் பிடித்துக்கொண்டு அவன் ஊரை முழுச்சுற்று நடந்தான். பூவலிங்கம் டவுன் பஸ்ஸில் போகிறான் என்று ஒரு வாயாடி சொன்னது, அடுத்த பொங்கல் வரைக்கும் ஊரில் ஓடியது. அதற்கப்புறம் அவன் முன்தண்டுக்குப் போகவில்லை. சப்பரம் நிற்கிற இடத்தில் முட்டுக்கொடுக்கிற கவைக்கட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான், இருபத்துமூன்று வருஷமாக. அவன் இடத்தில் பெரியப்பா மகன் நின்றான்.

இப்போது அந்த உயரத்துக் கதைக்கு வருகிறேன்.

தனுஷ்கோடி சார் டுடோரியல், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய நெல் குடோனில் நடந்தது. காலையில் ஆறிலிருந்து எட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. படிக்கிறவர்கள் எல்லாரும் தமிழில் கோட்டை விட்டவர்கள். லாரி மெக்கானிக் சீனிச்சாமி ஆறடி இரண்டங்குலம், குடோனுக்குள் வரும்போதெல்லாம் நிலையில் இடித்துக்கொண்டு 'ஆத்தீ' என்றுதான் உள்ளே வருவான். தையல்கடை பேச்சியம்மாள், கடைசி பெஞ்சில் காஜா எடுத்துக்கொண்டே பாடம் கேட்பாள். முன்பெஞ்சில் பூவலிங்கம். மற்ற இருபது பேரும் நடுவாந்திரமானவர்கள்.

சாருக்குப் பாடப்புத்தகத்தில் நம்பிக்கை கிடையாது. அவரே எழுதி அவரே அச்சடித்த 'வெற்றிமாலை நோட்ஸ்' ஒன்று இருந்தது, அரை அங்குலக் கனம், ரோஸ் அட்டை. அதைத் தவிர வேறு எதையும் பையன்கள் கையில் பார்த்தால், அந்தப் பையனுக்கு நாற்பது வயசானாலும் சரி, முட்டி போடச் சொல்வார். அந்த வருஷம் துணைப்பாடத்தில் 'ரசமட்டம்' என்று ஒரு கதை வந்திருந்தது. பரீட்சையில் அது நிச்சயம் வரும் என்று சார் கண்டுபிடித்துவிட்டார், எப்படி என்று யாரும் கேட்கக் கூடாது.

கதை என்னவோ நல்ல கதைதான். ஒரு நாட்டில் எல்லாரும் சமமாக இருந்தே தீரவேண்டும் என்று சட்டம். கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி வீட்டுக்கு வீடு வருவார். நன்றாகச் சமைக்கிறவள் குழம்பில் சர்க்கார் செலவில் ஒரு பிடி உப்பு கூடுதலாக விழும். வேகமாக நடக்கிறவன் ஒரு கிழட்டு ஆட்டைக் கூட்டிக்கொண்டுதான் வெளியே போகலாம். சிரிப்புக்கும் அளவு உண்டு, ஆளுக்கு மூன்று ஹா. செவ்வந்தி என்று ஒரு பெண், சிரிப்பை அடக்கத் தெரியாதவள். ஒருநாள் சந்தையில் அந்த ஆடுகளில் ஒன்று அதிகாரியைப் பின்னாலிருந்து முட்டிவிட, அவர் முன்னாலேயே நாலாவது ஹா சிரித்துவிடுகிறாள். அதோடு நோட்ஸில் கதைச்சுருக்கம் முடிந்தது. 'செவ்வந்தியின் முடிவைப் பாடநூலில் கண்டு தெளிக' என்று ஒரு வரி, அப்புறம் நேராகக் கட்டுரை.

அந்தக் கட்டுரையைத்தான் இருபத்துமூன்று பேரும் நெட்டுருப் போட்டார்கள். 'தனிமனித சுதந்திரம் என்பது ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைத் தத்தம் சொந்தச் சொற்களில் அஞ்சாது உரைப்பதாகும்' என்று அது தொடங்கும். ஒரு தடவை பேச்சியம்மாள் வாய்தவறி 'அஞ்சாது'க்குப் பதில் 'பயப்படாம' என்று சொல்லிவிட்டாள். சார் பிரம்பால் மேசையைத் தட்டினார்.

"சொந்தமா ஒரு வார்த்தை சேத்தீன்னா மார்க் போயிரும்மா. பத்துத் தடவ எழுதிட்டு வா."

பேச்சியம்மாள் பத்துத் தடவை எழுதிக்கொண்டு வந்தாள். இப்படியே ஒரு மாசம் தட்டித் தட்டி, செதுக்கிச் செதுக்கி, மாசி மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், முதல் தடவையாக, இருபத்துமூன்று வாயும் ஒரு வாயாக, ஒரு மூச்சு முந்தாமல் ஒரு எழுத்து பிந்தாமல் கட்டுரையை முழுக்கச் சொல்லி முடித்தபோது, சீனிச்சாமி கீழே இறங்கினான், பூவலிங்கம் மேலே ஏறினான், மற்றவர்கள் கொஞ்சம் அப்படி இப்படி அசைந்தார்கள், எல்லாரும் ஐந்தடி மூன்றங்குலத்தில் வந்து நின்றார்கள். சார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்பத்தான் கிளாஸ் பாக்க லட்சணமா இருக்கு. பக்கம் இருபத்தேழு எடுங்க," என்றார்.

பூவலிங்கம் வீட்டுக்குப் போனபோது தெருநாய் அவனை அடையாளம் தெரியாமல் குரைத்தது. அவன் மனைவி செல்லக்கனிக்கு அடையாளம் தெரிந்தது. அவள் அவனைவிட ஒரு தலை உயரம், இப்போது ஒரு விரல் குட்டை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபது வருசமாக் குனிஞ்சு குனிஞ்சு பேசி எனக்குக் கழுத்து அப்பிடியே அமைஞ்சுபோச்சு. இப்ப நிமிந்து பேசுன்னா வலிக்குமா வலிக்காதா?" என்றாள். பிறகு ஒட்டடைக் கம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "வளந்ததுதான் வளந்தீக, பரண அடிச்சுட்டுச் சாப்பிட வாங்க."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மழை வந்தால் குடை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. பேச்சியம்மாள் டுடோரியல்காரர்களுக்கு அளவெடுப்பதையே விட்டுவிட்டு, தன் உடம்பில் வைத்துப் பார்த்தே சட்டையெல்லாம் வெட்டினாள். சீனிச்சாமியின் பழைய சட்டை அவனுக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது, ஆனால் லாரிக்கு அடியில் இப்போது சுகமாகப் படுக்க முடிந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. அவன் தாயார்தான், சந்தைக் கூட்டத்தில் தலை தெரியாத மகனைத் தேடி ஒருநாள் முழுக்க அழுதாள். சைக்கிள் திருட்டுப் புகாருக்குப் போனவரிடம் ஏட்டு, "ஆள் என்ன உசரம்?" என்று கேட்க, "டுடோரியல் உசரம்" என்று அவர் சொல்ல, ஏட்டு பேனாவை மூடிவைத்துவிட்டார். பேரூராட்சித் தலைவர், சமத்துவம் கண்ட வேப்பலாங்குறிச்சி என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பேனர் வைத்தார், அதில் இருபத்துமூன்று பேரும் கடுகு கடுகாக, தலைவர் மட்டும் பனை உயரத்துக்கு.

சிக்கல் புது அட்மிஷனில் வந்தது. சேதி பரவினதும் நாலு குட்டையான ஆட்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தார்கள், மறுநாள் காலையில் கட்டுரையைச் சொல்லி முடித்ததும் எல்லாருமாக ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டார்கள். பேச்சியம்மாள் வெட்டிவைத்திருந்த பதினெட்டுச் சட்டையும் வீண். ஒரே கூச்சல். குட்டை ஆட்களைச் சேர்க்கக்கூடாது என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பூவலிங்கம். ஏறி வந்த ஏணியில் அடுத்த ஆள் கால் வைத்தால் வருகிற பயம் அது. கடைசியில் சார் ஒரு தீர்ப்புச் சொன்னார்: குட்டையாக ஒருவர் சேரவேண்டுமானால் கூடவே நெட்டையாக ஒருவரைக் கூட்டிவர வேண்டும். நெட்டை ஆட்கள் யாரும் வரச் சம்மதிக்கவில்லை. நாலு பேரும் திரும்பிப் போனார்கள், வகுப்பு பழைய ஐந்தடி மூன்றுக்கு ஏறியது, பூவலிங்கம் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை.

பங்குனி பிறந்து கொடியேறியது. கொடியேற்றத்தன்று சின்னச் சப்பரம், எட்டே பேர் தூக்குவது. எட்டுப் பேரும் டுடோரியல் ஆட்கள், எட்டுத் தோளும் ஒரு மட்டம். எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் எழும்பி, குலுங்கிக் குலுங்கி வருகிற அம்மன், அன்றைக்கு எண்ணெயில் வழுக்கிப் போகிற மாதிரி ஒரே சீராகப் போனாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சப்பரம் குலுங்கினால்தானே அம்மன் கொண்டையிலிருந்து பூ விழும், பூ விழுந்தால்தானே யார் மேல் விழுந்ததோ அவர் நினைத்த காரியம் பலிக்கும். நாலு தெருவும் சுற்றியும் ஒரு இதழ் விழவில்லை. மகள் கல்யாணத்தை நினைத்து நின்றவர்கள், கிணற்றுத் தண்ணீரை நினைத்து நின்றவர்கள், எல்லாரும் வெறுந்தலையோடு வீடு திரும்பினார்கள். அம்மன் ஊருக்கு வந்த மாதிரியே இல்லை, ஏதோ ஆய்வுக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு கிழவர் முனகினார்.

பூவலிங்கம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனுக்குப் பெரிய சப்பரம் இருந்தது. பெரியப்பா மகனிடம் போய், இந்த வருஷம் என் இடத்தில் நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். நாள் பார்த்தால், காலையில் தமிழ்ப் பரீட்சை, அதே நாள் சாயங்காலம் பெரிய சப்பரம்.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் சார் மாதிரித் தேர்வு வைத்தார். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள், எல்லாருக்கும் ஒரே மார்க்.

"முப்பத்துநாலு," என்றார் சார், இருபத்துமூன்று தாளையும் ஒன்றாகத் தூக்கிக் காட்டி. "செவ்வந்தி கடைசில என்ன ஆனாள்ங்கிற அஞ்சு மார்க் கேள்விய ஒருத்தரும் எழுதல."

"நோட்ஸ்ல இல்லையே சார்," என்றான் பூவலிங்கம்.

"பாடநூலில் கண்டு தெளிகன்னு போட்டிருக்கேனே. கண்டு தெளிய வேண்டியதுதான?"

"புத்தகம் எங்க சார் இருக்கு?"

சார் யோசித்தார். பிறகு இருபத்துமூன்று புதுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

அப்போதுதான் சீனிச்சாமி ஒரு காரியம் செய்தான். மறுபடி எழுதச் சொல்லித் தாள் கொடுத்தபோது, அலுத்துப்போய், கட்டுரைக்கு நடுவில் 'எனக்கு அந்த ஆட்டை நினைச்சாத்தான் பாவமா இருக்கு' என்று ஒரு வரி எழுதிவிட்டான். முற்றுப்புள்ளி வைத்த அந்த நொடியில் சரசரவென்று ஆறடி இரண்டுக்கு ஏறி, டியூப்லைட்டில் தலை இடித்து, 'ஆத்தீ' என்றான். மற்றவர்கள் அந்த அளவுக்கு அரை அங்குலம் இறங்கினார்கள். மறுநாள் காலையில் கூட உட்கார்ந்து கட்டுரையைச் சொன்னதும் பழையபடி சமமாகிவிட்டான். ஆனால் எல்லாருக்கும் சங்கதி விளங்கிவிட்டது. சொந்தமாக ஒரு வரி எழுதினால் சொந்த உயரம் வந்துவிடும். டுடோரியல் தாளில் எழுதினால் மறுநாள் சரிக்கட்டிக்கொள்ளலாம். சர்க்கார் தாளில் எழுதினது எழுதினதுதான், பரீட்சை முடிந்தபிறகு வகுப்பு ஏது, கட்டுரை சொல்வது ஏது.

பூவலிங்கத்துக்கு இரண்டும் வேண்டியிருந்தது. ஐந்தடி மூன்றும் வேண்டும், முப்பத்தைந்தும் வேண்டும். செவ்வந்தியின் முடிவு பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே கிடைத்துவிட்டால், அது சொந்த வரி ஆகாது, இருபத்துமூன்று பேரும் ஒன்றாக நெட்டுருப் போட்டு எழுதிவிடலாம், உயரமும் குறையாது. அவன் புத்தகத்தைத் தேடினான். கடையில் கேட்டான், தீர்ந்துபோயிற்று என்றார்கள், டுடோரியல் அலமாரியில் தேடினான், சார் வீட்டுப் பரணில் தேடினான், இப்போதுதான் பரணை எட்டுமே. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் பேனா மூடி உருண்டோடி, எடுக்கக் குனிந்தபோது, சாருடைய மேசைக்கு அடியில், மற்ற மூன்று காலைவிடக் குட்டையான நாலாவது காலுக்கு முட்டாக, புத்தகம் இருந்தது. சார் பாடம் நடத்தும்போது மேசை ஆடக்கூடாது என்று அவரே வருஷ ஆரம்பத்தில் வைத்தது, வைத்ததை அவரே மறந்துபோனார்.

பூவலிங்கம் மேசையைத் தூக்கிப் புத்தகத்தை உருவினான். கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். மேசைக்கால் ஒரு வருஷமாக அழுத்தி, வட்டமாக, சுத்தமாக, கடைசிப் பத்தியை மட்டும் தின்றிருந்தது. 'அதிகாரி எண்ணத் தொடங்கினார்' என்பது வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் ஓட்டை. ஓட்டை வழியாகப் பார்த்தால் தரை தெரிந்தது.

அன்றைக்கு வீட்டில் அவன் ஓட்டை விழுந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செல்லக்கனி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன, சோந்துபோயி உக்காந்திருக்கீக?"

"நாற்காலியா சப்பரமான்னு ஆகிப்போச்சு," என்று விஷயத்தைச் சொன்னான். "நோட்ஸப் பாத்து எழுதுனா நாளைக்கு முன்தண்டுல நிப்பேன், மார்க்கு முப்பத்துநாலுதான். முடிவ நானா எழுதுனா ஒருவேள பாஸாகலாம், ஆனா பழைய பூவலிங்கமா கவைக்கட்டையத் தூக்கிட்டு வரணும். நீ என்ன சொல்ற?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "கல்யாணத்தன்னைக்கு மாலை போடையில நான் குனிஞ்சேன், நீங்க எக்குனீக, பந்தலே சிரிச்சது. எனக்கு அழுகையா வந்துச்சு. நீங்க என்ன செஞ்சீக? அம்புட்டுப் பேருக்கும் மேல சத்தமா நீங்க சிரிச்சீக. ரயில் கூவுற மாதிரி. அதக் கேட்டுத்தான் சரி, இந்த ஆளோட இருந்துரலாம்னு நெனச்சேன்."

"இப்ப அதுக்கென்ன?"

"இந்த ஒரு மாசமா நீங்க அப்பிடிச் சிரிக்கல. எண்ணிப் பாத்தேன். ஹா ஹா ஹா. மூணோட நின்னுருது."

பூவலிங்கம் சிரித்துப் பார்த்தான். மூன்றோடு நின்றுவிட்டது. மறுபடி முயன்றான், மறுபடியும் மூன்று. அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பரீட்சை ஹாலில் இருபத்துமூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். கேள்வித்தாள் வந்தது, சார் சொன்னபடி ரசமட்டம் வந்திருந்தது. இருபத்துமூன்று பேனாவும் ஒன்றாகத் 'தனிமனித சுதந்திரம் என்பது' என்று தொடங்கி ஒன்றாகப் பக்கத்தைத் திருப்பின. அப்புறம் அடுத்த கேள்வி: செவ்வந்தியின் முடிவு யாது? இருபத்திரண்டு பேர் அதைத் தாண்டிப் போனார்கள். பூவலிங்கம் பேனாவை அந்த இடத்தில் வைத்தான். தரையில் படிந்திருந்த காலைப் பார்த்தான். முன்தண்டு, அதில் சுற்றியிருக்கிற பூச்சரம், அப்பா தோளில் இருந்த காய்ப்பு எல்லாம் நினைவுக்கு வந்தது. அதோடு கூடவே, வேண்டாம் வேண்டாம் என்றாலும், அந்த அதிகாரியும் வந்து நின்றார். எண்ணத் தொடங்கினாராமே. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்?

அப்புறம் எப்படி எண்ணுவார் என்று பூவலிங்கத்துக்குத் திடீரென்று தோன்றியது. அந்த நாட்டில்தான் ஒருவரைவிட ஒருவர் கூடுதலாக எதுவும் செய்யக்கூடாதே. எண்ணுவதற்கு மட்டும் அளவு இருக்காதா? அவன் எழுதினான்:

'அதிகாரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். அதற்கு மேல் எண்ண அவருக்குத் தெரியாது. அந்த நாட்டில் மூன்றுக்கு மேல் யாருக்கும் எண்ணத் தெரியக்கூடாது என்று அவரே போட்ட சட்டம். அதனால் செவ்வந்தி சிரித்தது நாலாவது ஹாவா இல்லையா என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், அதில் சிரிப்பு தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆடும் கூடவே போனது.'

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தான். வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. ஹா. ஹா. ஹா. நாலாவது தொண்டையில் வந்து நின்றது, நின்றது, வெடித்தது. அதற்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி ஏழெட்டு வரிசையாக வந்தன. கால் தரையை விட்டுக் கிளம்பியது. இந்தத் தடவை அவன் குனிந்து பார்க்கவில்லை, சிரித்த வேகத்தில் தன்னையறியாமல் எழுந்தும்விட்டான்.

"எந்திரிச்சு நின்னு சிரிக்கிறதுக்கு இது என்ன சினிமாக் கொட்டகையா? உக்காருங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"உக்காந்துதான் சார் சிரிக்கேன்," என்று தொடங்கியவன், தான் எழுந்து நிற்பதை அப்போதுதான் கவனித்து, உட்கார்ந்தான்.

அவன் இறங்கின கணக்குக்கு மற்றவர்கள் இரண்டு மூன்று நூல் ஏறியிருந்தார்கள். சீனிச்சாமி திரும்பிப் பார்த்தான். காரணம் தெரியாமலே அவனுக்கும் சிரிப்பு வந்தது, மூன்றோடு முட்டி நின்றது, அது அவனுக்குப் பொறுக்கவில்லை. விட்ட கேள்விக்குத் திரும்பி வந்து, அந்த ஆடு கடைசியில் நாட்டுக்கே ராசாவானதாக அரைப் பக்கம் எழுதினான். அவன் ஏற, மற்றவர்கள் இறங்கினார்கள். பேச்சியம்மாள் செவ்வந்திக்குக் கல்யாணம் பண்ணிவைத்தாள், ரவிக்கை நிறம் உட்பட. ஒருவர் எழுத, இன்னொருவர் எழுத, கடைசி அரைமணி நேரம் அந்த ஹாலில் தலைகள் கிணற்றில் வாளிகள் மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. மேற்பார்வையாளர் தன் கண்ணைச் சோதித்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டார்.

மார்க் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கு அரித்துக்கொண்டே இருக்கும். வைகாசியில் ரிசல்ட் வந்தது. பூவலிங்கம் முப்பத்தெட்டு. அந்த ஐந்து மார்க் கேள்விக்கு நாலு போட்டிருந்தார்கள். செயலாளர் நாற்காலியில் அவன் கால் இன்றைக்கும் எட்டுவதில்லை, ஆட்டிக்கொண்டேதான் பால் கணக்கெழுதுகிறான். திரும்பிப் போன அந்த நாலு பேரையும் அவனே தேடிப்போய்க் கூட்டிவந்து சாரிடம் சேர்த்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அதெல்லாம் தெரியாது. பூவலிங்கம் பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலடி ஏழங்குலமாக, பெரிய சப்பரத்துக்குப் பக்கத்தில் கவைக்கட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். மேளம் தட்டியாயிற்று. கண் கலங்கியது, கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டான். அப்போது செல்லக்கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையில் ஒரு மூட்டை. மத்தியானம் முழுக்கத் தெருத் தெருவாகப் போய், பரீட்சைதான் முடிந்ததே, இனி இது எதற்கு என்று கேட்டுக் கேட்டு வாங்கிவந்த வெற்றிமாலை நோட்ஸ், பதினாறு பிரதி, ஒன்றுக்கு அரை அங்குலமாக எட்டு அங்குலம். தன் பழைய சேலையில் இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

"குனியுங்க," என்றாள். பிறகு தானே சிரித்துக்கொண்டு, தான் குனிந்து, அவன் இடது தோளில் அதை வைத்து, அக்குளுக்கு அடியில் கொடுத்து இழுத்துக் கட்டினாள்.

பூவலிங்கம் முன்தண்டுக்குப் போனான். பெரியப்பா மகன் விலகி, கவைக்கட்டையை எடுத்துக்கொண்டான். பின்னால் நின்ற சீனிச்சாமி, "பூவண்ணே, பாத்து," என்றான். சப்பரம் எழும்பியது. தண்டு வந்து சேலையில் பட்டது, நோட்ஸில் அமுங்கியது, அட்டைகள் கிறீச்சென்றன, பிறகு அம்மனும் மரமும் பூவும் ஊரும் சேர்ந்த அந்தக் கனம் மொத்தமாக அவன் தோளில் இறங்கியது. எலும்பு வலித்தது. இருபத்துமூன்று வருஷமாக அவன் கேட்டது இந்த வலியைத்தான்.

தனுஷ்கோடி சார் கூடவே ஓடிவந்தார். "ஏய்யா பூவலிங்கம், அட்டை கசங்காமப் பாத்துக்க, அடுத்த பேட்சுக்கு வேணும்," என்றார்.

பின்தண்டில் சீனிச்சாமி நெட்டை, முன்தண்டில் பூவலிங்கம், நடுவில் பலவிதமாகப் பலபேர். கீழத்தெரு முக்குத் திரும்பும்போது சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் எழும்பியது, அம்மன் குலுங்கினாள், சனம் குலவையிட்டது, கொண்டையிலிருந்து ஒரு செவ்வரளிப் பூ கழன்று, சுழன்று, நேராக வந்து பூவலிங்கம் தோளில் இருந்த மூட்டை மேல் விழுந்தது. ஊரே பார்த்தது. சார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நோட்ஸ் என்னோடது. அப்ப பூவும் எனக்குத்தான்."

பூவலிங்கத்துக்கு அடக்க முடியவில்லை. தோளில் அத்தனை கனத்தோடு சிரிக்கத் தொடங்கினான். தெருவோரத்தில் நின்ற செல்லக்கனி விரலை மடக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாலு. அதற்குப் பிறகு அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.